எட்மண்டன் வீட்டுக்குப் போன தளபாடங்கள்

யோகமலரும் கணவர் சச்சிதானந்தனும் குடியிருந்தது தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில். வடக்கே எட்மண்டனில் இருந்தது வாடகைக்கென்று வாங்கிய இரண்டாவது வீடு. பாரிஸில் உணவகங்களில் கோப்பை கழுவிச் சலித்து லண்டனுக்கு வந்த சச்சிதானந்தன், இங்கே டைல்ஸ் பதிக்கும் வேலையில் நிமிர்ந்தவர். வீட்டு விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. இருக்கிற வீட்டை ஈடுவைத்து இன்னொன்று வாங்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் வாங்கினார்.

பிறகு ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், சிறிது நேரம் நிற்கலாம். வேலை இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2008 கோடையில் எட்மண்டன் வீட்டில் வாடகைக்கு இருந்த பெடியன்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பெற்றோல் ஸ்டேஷனிலும் கடைகளிலும் நின்ற பிள்ளைகள் அவர்கள். வேலை குறைந்ததும் வாடகை கொடுக்க வழியில்லாமல் போய்விட்டார்கள். யோகமலர் சூப்பர் மார்க்கெட்டில் காசாளராக உழைத்தது ஒரு வீட்டுக்கே போதவில்லை. இரண்டு வீட்டுக் கடனும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தது. எட்மண்டன் வீடு விற்கப்படாவிட்டால் ஜனவரியில் வழக்கு வரும், குடியிருக்கும் வீடும் சேர்ந்து போகும் என்று வங்கி அறிவித்துவிட்டது.

வீடு விற்றுத் தரும் ஏஜென்சியில் பீற்றர் என்ற தமிழர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர். செப்டம்பர் முழுக்க அவர் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். வந்தவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்கள். சமையலறைச் சுவரில் பொரியல் எண்ணெய் மஞ்சளாகப் படிந்திருந்தது. கம்பளத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட அடையாளம். ஒவ்வொரு அறைக் கதவிலும் பூட்டுப் போட்டு இருந்தவர்கள் அவற்றைக் கழற்றிக்கொண்டு போனதில், கதவுகள் எல்லாம் துளை துளையாக இருந்தன.

"அக்கா, வெறும் வீட்டை இந்த நேரத்தில ஒருத்தரும் வாங்கமாட்டினம்," என்றார் பீற்றர். "உள்ளுக்கு வந்தால் ஒரு குடும்பம் சீவிக்கிற வீடு மாதிரி இருக்கவேணும். பெயின்ற் அடிச்சு, சோபா, மேசை எண்டு கொஞ்சத் தளபாடம் போடுங்கோ. வாடகைக்கும் எடுக்கலாம்."

வாடகைக்கு எடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. பெயின்ற் வாங்கவே யோசிக்கவேண்டியிருந்தது. யோகமலர் ஷிப்ட் முடிந்து இரண்டு ரயில் மாறி எட்மண்டன் போய், சோடாத்தூள் கரைத்துச் சுவரைத் தேய்த்தாள். சச்சிதானந்தன் கூடவே வந்து, கதவுத் துளைகளை மரப்பசையால் அடைத்தார். குனிந்து செய்யவேண்டிய இடங்களில் தரையில் பக்கவாட்டாகப் படுத்துக்கொண்டு செய்தார். எழும்புவதற்கு அவள் கைகொடுக்க வேண்டியிருந்தது. மகள் தாரகா சனி ஞாயிறுகளில் வந்து பெயின்ற் அடித்தாள். அவளுக்குப் பதினேழு வயது. அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போகவேண்டியவள்.

சுவர் வெளுத்தது. வீடு அப்போதும் ஆளில்லாத வீடாகவே இருந்தது. பேசினால் எதிரொலித்தது. அப்போதுதான் சச்சிதானந்தன், எங்கள் வீட்டுச் சாமான்களையே இங்கே கொண்டுவருவோம் என்று சொன்னார்.

பழைய வேலைத்தலத்து நண்பர் ஒருவர் தன் வான் வண்டியைக் கொடுத்தார். சோபா போனது. சாப்பாட்டு மேசை, ஷோகேஸ், திரைச்சீலைகள், தாரகாவின் கட்டிலும் படிக்கிற மேசையும், சுவரில் தொங்கிய குடும்பப் படங்கள்கூடப் போயின. கோலியர்ஸ் வுட் வீட்டில் மெத்தைகளும் ஒரு மடக்கு நாற்காலியும் மிஞ்சின. தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டார்கள். தாரகா சமையலறை மேடையில் புத்தகத்தை வைத்து நின்றபடி படித்தாள்.

எல்லாம் வைத்த பிறகும் எட்மண்டன் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் மொட்டையாகத் தெரிந்தது. சச்சிதானந்தன் தன்னுடைய நாற்காலியையும் கொண்டுவரச் சொன்னார்.

அது அவர் விழுந்த பிறகு கூட வேலை செய்தவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த மோட்டார் நாற்காலி. ஒரு பட்டனை அமத்தினால் முதுகு சாயும், கால் உயரும்; இன்னொன்றை அமத்தினால் ஆளை மெல்ல எழுப்பி நிறுத்தும். கட்டிலில் அவரால் நீட்டிப் படுக்க ஏலாது. ஒன்றரை வருடமாக அந்த நாற்காலியில்தான் நித்திரை கொண்டார்.

அதை மட்டும் விடமாட்டேன் என்று யோகமலர் மறித்தாள். பார்க்க அழகான தோல் நாற்காலி, அந்த மூலைக்கு அதுதான் பொருத்தம் என்றார் அவர். வீடே போன பிறகு நாற்காலியை எங்கே வைக்கிறது என்று கேட்டார். அடுத்த நாள் வான் வந்து அதையும் ஏற்றிப்போனது.

அன்றிலிருந்து அவர் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு தலையணை வைத்து, இருந்தபடியே கண்ணை மூடினார். காலையில் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அதிகமான மாத்திரை போட்டார். யோகமலர் அதைக் கவனிக்காதவள் போல வேலைக்குப் போனாள்.

ஆட்கள் வருகிற நாட்களில் மூவரும் முன்கூட்டியே போய் ஹீற்றரைப் போட்டுவைத்தார்கள். யோகமலர் ஒரு சட்டியில் கறுவாவும் ஏலக்காயும் கொதிக்கவிட்டாள். தாரகா மேலறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சச்சிதானந்தன் அந்த நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த அரைமணி நேரம்தான் அவருடைய முதுகுக்குக் கிடைத்த ஆறுதல்.

நவம்பர் நடுவில் ஷங்கரும் லக்ஷ்மிப்ரியாவும் வந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், இருவருக்கும் ஐடி வேலை. லக்ஷ்மிப்ரியாவின் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. திருச்சியில் தனியாக இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள வீடு தேடினார்கள். தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஒன்பது வருஷம், பிள்ளை," என்றார் சச்சிதானந்தன். குரல் தடுமாறவில்லை. "மகள் வளர்ந்ததே இஞ்சைதான். நல்ல அயலட்டைச் சனம்."

மேலே போனவள் தாரகாவிடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டிருக்கிறாள். தாரகா பஸ்ஸில் வரும்போது கண்ட ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். அன்று வீடு திரும்பும் ரயிலில் அவள் தாய் தகப்பனை விட்டு வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, யோகமலர் வேலையில் இருந்தபோது பீற்றர் வீட்டுக்குப் போன் எடுத்தார். அவர்கள் வாங்கச் சம்மதம், நல்ல விலை. ஒரேயொரு நிபந்தனை. வீடு இப்போது இருக்கிற மாதிரியே, தளபாடங்களோடு வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வருத்தமாம், முக்கியமாக அந்த நாற்காலி வேண்டுமாம். சச்சிதானந்தன் போனிலேயே ஓம் சொல்லிவிட்டார்.

யோகமலர் வந்து இதைக் கேட்டதும், மேல்சட்டையைக் கழற்றாமலே தரையில் இருந்துவிட்டாள். சோபா போகட்டும், மேசை போகட்டும். நாற்காலியை மட்டும் தரமாட்டோம் என்று பீற்றரிடம் சொல்லும்படி கேட்டாள்.

"நீர் சும்மா இரும்," என்றார் அவர். "ஒரு கதிரைக்காக ரெண்டு வீட்டையும் விடச் சொல்லுறீரோ? சைன் வைக்கும்வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

சனிக்கிழமை ஷங்கரும் லக்ஷ்மிப்ரியாவும் அளவு நாடாவோடு வந்தார்கள். பீற்றர் வரவில்லை, எல்லாம் சரிவந்துவிட்டது என்று விட்டுவிட்டார். லக்ஷ்மிப்ரியா அப்பாவின் கட்டிலை எங்கே போடலாம் என்று பார்த்து முடித்து முன்னறைக்கு வந்தாள். சச்சிதானந்தன் அவளை நாற்காலியில் இருத்திப் பட்டன்களைக் காட்டிக்கொடுத்தார். இது முதுகுக்கு, இது காலுக்கு, இதை அமத்தினால் அதுவே அப்பாவை எழுப்பிவிடும் என்றார். அவள் சின்னப்பிள்ளை போலச் சிரித்துச் சாய்ந்துகொண்டாள். அப்பா இனி நிம்மதியாகத் தூங்குவார் என்று ஷங்கரைப் பார்த்துச் சொன்னாள்.

சச்சிதானந்தன் சாப்பாட்டு மேசையருகே ஒரு கதிரையில் போய் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பப் பார்த்தார். ஏலவில்லை. மேசை விளிம்பைப் பிடித்து இன்னொரு தரம் முயன்றார். நெற்றி வேர்த்துவிட்டது. முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

யோகமலர் அந்தச் சிரிப்பைக் கண்டாள். அதற்குப் பிறகு அவளால் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, அதிலயிருந்து எழும்புங்கோ," என்றாள். "அது இவர் படுக்கிற கதிரை. இவருக்கு முதுகெலும்பு முறிஞ்சது. அதை இஞ்சை கொண்டுவந்த நாள்தொட்டு இவர் நித்திரை கொள்ளேல்லை."

லக்ஷ்மிப்ரியா விளங்காமல் பார்த்தாள். சச்சிதானந்தன் மனைவியின் பெயரைச் சொல்லி அதட்டினார். யோகமலர் நிறுத்தவில்லை. நாங்கள் இங்கே குடியிருக்கவில்லை, எங்கள் வீடு கோலியர்ஸ் வுட்டில், இது வாடகைக்கு விட்ட வீடு, இங்கே உள்ள சாமான் எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து வந்தவை என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லும்போது தன் காலடியிலிருந்து நிலம் போவது அவளுக்குத் தெரிந்தது.

லக்ஷ்மிப்ரியா எழும்பி மாடிக்குப் போனாள். அலுமாரிக் கதவுகள் திறந்து மூடுகிற சத்தம் கீழே கேட்டது. எந்த அலுமாரியிலும் ஒரு துணிகூட இல்லை. அவள் இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. மேலறையில் இருந்த தாரகாவும் பின்னால் வந்து படியில் நின்றாள்.

"இந்தப் பொண்ணையும் பொய் சொல்ல வச்சிருக்கீங்களே," என்றாள்.

ஷங்கர் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். கதவை மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனார்கள்.

யாரும் யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யோகமலர் நினைத்தாள். சச்சிதானந்தன் நாற்காலியில் போய்ச் சாய்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பீற்றர் மாலையில் போன் எடுத்து, தளபாடம் போடச் சொன்னேனே தவிரப் பொய் சொல்லச் சொல்லவில்லையே அக்கா என்றார். டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு முன் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்றும் சொன்னார். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஜனவரி வந்துவிடும்.

அடுத்த நாளே அவள் வானை வரவழைத்து எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினாள். வீடு எப்படியும் போகப்போகிறது, போகும்வரையாவது மனுஷன் படுக்கட்டும் என்று தாரகாவிடம் சொன்னாள். அன்றிரவு சச்சிதானந்தன் விடியும்வரை அயர்ந்து தூங்கினார். யோகமலருக்கு நித்திரை வரவில்லை. யாராவது ஒரு அறை தருவார்களா, வீடில்லாதவர்களைக் கவுன்சில் எங்கே கொண்டுபோய் விடும், தாரகாவின் பரீட்சை என்னாவது என்று மனம் சுற்றிச் சுற்றி வந்தது. தான் ஏன் வாயைத் திறந்தேன் என்று கேட்டுப் பார்த்தாள். திறந்திருக்கத்தான் வேண்டும் என்று ஒரு நேரம் தோன்றியது, பாவி நானே பிள்ளையைத் தெருவில் விட்டேன் என்று இன்னொரு நேரம் தோன்றியது.

டிசம்பர் தொடக்கத்தில் லக்ஷ்மிப்ரியாவே பீற்றர் மூலம் கேட்டனுப்பினாள். வீட்டை இன்னொரு முறை பார்க்கவேண்டும், அந்த அக்கா மட்டும் வந்தால் போதும்.

யோகமலர் தனியாகப் போனாள். ஹீற்றர் போடவில்லை, கறுவா கொதிக்கவிடவில்லை. வெறும் அறையில் இருவரும் மேலங்கியோடு நின்றார்கள்.

"நாங்க பார்த்த எல்லா வீட்டிலயும் எதையாவது மறைச்சிருக்காங்க," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "நீங்க ஒருத்தர்தான் வாயால சொன்னீங்க. ஆனா முன்னாடி சொன்ன எதையும் நான் நம்பல. இப்ப எல்லாத்தையும் சொல்லுங்க."

யோகமலர் ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனாள். கதவில் பெயின்றுக்குக் கீழே இருக்கும் துளைகளைத் தடவிக் காட்டினாள். குளியலறைக் கூரையில் ஈரம் ஊறுகிறது என்றாள். பின்னறை ஹீற்றர் பாதிதான் சுடும், பக்கத்து வீட்டில் சனி இரவுகளில் பாட்டுச் சத்தம், கம்பளத்தை மாற்றியே ஆகவேண்டும். சொல்லச் சொல்ல, வீட்டை விற்க வந்தேனா கெடுக்க வந்தேனா என்று அவளுக்கே தெரியவில்லை. லக்ஷ்மிப்ரியா தலையாட்டிக் கேட்டாள். சிரிக்காமல், ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

அவர்கள் சொன்ன விலை வெகுவாகக் குறைந்துதான் வந்தது. சச்சிதானந்தன் பேப்பர் ஓரத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு சரியென்றார். அதோடும் முடியவில்லை, நத்தார் வாரத்தில் ஷங்கரின் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று செய்தி வந்து எல்லாம் நின்றது. போன் அடிக்கும்போதெல்லாம் யோகமலர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். புது வருடத்துக்குப் பிறகு ஷங்கருடைய வேலை தப்பியது. வழக்குக்கு முந்திய வாரம் கையெழுத்தானது.

வந்த பணம் அப்படியே வங்கிக்குப் போனது. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கோலியர்ஸ் வுட் வீடு மட்டும் கடனோடு நின்றது.

எட்மண்டன் வீட்டுச் சாவியைப் பீற்றரிடம் கொடுத்த அன்று யோகமலருக்குப் பின்னேர ஷிப்ட். லீவு எடுக்க வசதியில்லை. நேரே வேலைக்குப் போனாள். இடைவேளையில் சாமான் அறையில் ஒரு பெட்டிமேல் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். அடக்கப் பார்த்தும் அழுகை வந்துவிட்டது. கூட வேலை செய்யும் கானா நாட்டுப் பெண் ஓடிவந்து தோளைப் பிடித்து, என்ன நடந்தது என்று கேட்டாள்.

வீட்டை விற்றுவிட்டோம் என்றாள் யோகமலர்.

அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அந்தப் பெண் கேட்டாள். யோகமலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். மணி அடித்துவிட்டது. தெரியாது என்று சொல்லி எழும்பிப் போய்க் கவுண்டரில் இருந்தாள். வரிசையில் ஒரு கிழவர் பாண் ரொட்டியும் பாலும் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.