தூசி கணக்கில் வராது

என் நாத்தனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பாஸை வீட்டில் மறந்துவிட்டு வந்த சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்டு, ரசீதையும் கிழித்துக் கையில் கொடுத்தவர். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். அப்பேர்ப்பட்டவரை நடுவராக நிற்கவைத்துவிட்டுத் துப்பாக்கி சுடப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கிளப்பில் களிமண் தட்டைச் சுடுவோம். "விடு!" என்று கத்தினால் குழிக்குள் இருக்கும் மெஷின் ஓர் ஆரஞ்சுத் தட்டை வானத்தில் வீசும். அது தரையைத் தொடுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க நான் சுட்டதில் வானத்துக்கு மட்டும்தான் காயம். தட்டுகள் சொகுசாகப் போய்ப் புல்லில் இறங்கின. "தட்டப் பாரு, துப்பாக்கியப் பாக்காத" என்று அண்ணி பின்னால் நின்று பாடிக்கொண்டே இருப்பார். நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர்கள் உண்டு.

எனக்கு வழி கிடைத்தது வேலை செய்யும் இடத்தில்தான். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். ஒரு நீளச் சுவரில் ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை நின்றது. நின்ற இடத்தில் தடியாக ஒரு கோடு. போன் செய்தவரைத் திட்டிக்கொண்டே துடைக்கும்போதுதான் உறைத்தது, துப்பாக்கியிலும் நான் இதே கூத்தைத்தான் அடிக்கிறேன். விசையை அழுத்தும் நொடியில் கையை நிறுத்திவிடுகிறேன். தட்டு எனக்காக நிற்குமா? அந்த வாரம், சுட்ட பிறகும் துப்பாக்கியைத் தட்டோடு நகர்த்திக்கொண்டே போனேன். தட்டு சுக்குநூறானது. நான் குதித்த குதியில் காதுமூடி கழன்று விழுந்தது. அன்றிலிருந்து கிளப்பில் என் பெயர் ரோலர்.

பிறகு கிளப் அணியில் ஓர் இடம் காலியானது. எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கே போனாலும் நான் இன்னார் மனைவி, இன்னாருடைய தம்பி பெண்டாட்டி. அணியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டால் நான் நானாக இருக்கலாம் என்று அப்படியொரு ஆசை. தேர்வில் கடைசிவரை தாக்குப்பிடித்தது இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவர், தோள்வலியால் போன வருடம் அணியில் இடத்தை இழந்த அண்ணி.

கிளப் வழக்கப்படி ஒருவர் சுடும்போது மற்றவர்தான் நடுவர். தட்டிலிருந்து ஒரு துண்டாவது கண்ணுக்குத் தெரிய உடைந்து விழ வேண்டும். இல்லாவிட்டால் தவறியதாகத்தான் கணக்கு.

முதலில் நான் சுட்டேன். நன்றாகவே சுட்டேன். கடைசித் தட்டிலிருந்து குப்பென்று தூசி கிளம்பியது. தட்டு மட்டும் முழுசாகப் போய் இறங்கியது.

"போச்சு," என்றார் அண்ணி.

"அண்ணி! தூசி பறந்துச்சே, பாக்கலையா?"

"பாத்தேன். தூசி கணக்குல வராது."

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். புல்லில் தேடி அந்தத் தட்டை எடுத்துவந்தேன். சிதறிய ஈய ரவைகள் துளைத்த மூன்று ஓட்டைகள்! அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஓட்ட போட்டா டிக்கெட் செல்லும். தட்டு செல்லாது. நடுவர் சொன்னா சொன்னதுதான்."

மனசுக்குள் அவரைக் கரித்துக்கொட்டினேன். ஓட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அண்ணி கடைசித் தட்டுக்கு வந்தபோது இருவரும் சமம். உடைத்தால் இடம் அவருக்கு. தவறினால் மறுபடி ஒரு சுற்று.

"விடு!"

வெடித்தது. குப்பென்று தூசி. தட்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தூசி. போச்சு," என்று அண்ணியே சொல்லிவிட்டு, காலித் தோட்டாவை எடுக்கத் துப்பாக்கியைத் திறந்தார். கிளப் செயலாளரான பல் டாக்டர் மறு சுற்றுக்காக மெஷினை நிரப்பக் கிளம்பினார்.

ஆனால் நான் பார்த்துவிட்டேன். தட்டின் விளிம்பிலிருந்து நகம் அளவுக்கு ஒரு துண்டு பிரிந்து விழுந்தது. கூரை மூலையில் பெயின்ட் உரிவதைக் கீழே நின்றே கண்டுபிடிக்கும் கண் இது, தப்பாது. வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்காரு என்றது மனசு. நீலச் சட்டை கண்முன் ஆடியது. மடியில் இருந்த தட்டைப் பார்த்தேன். தூசியைத் தூசி என்று சொன்னதற்காக இவரை இவ்வளவு நேரம் கரித்துக்கொட்டினேன். துண்டைத் துண்டு என்று சொல்லாமல் விட்டால், அப்புறம் எந்த வாயால் திட்டுவது?

"உடைஞ்சது!" என்று கத்தினேன்.

அண்ணி திரும்பினார். "எது உடைஞ்சது? நான் பாக்கலையே."

"நான் பாத்தேன். எடது ஓரத்துல ஒரு துண்டு."

"என்ன, பாவம் பாக்குறியா?"

"உங்களுக்கா? நானா?" எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நடுவர் சொன்னா சொன்னதுதான்!"

பல் டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீலச் சட்டையை அண்ணியிடம் கொடுத்தார். கைதட்டினேன். அழுகையும் வந்தது. தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணி கார் ஓட்ட, வீடு திரும்பினோம். சட்டை பின்சீட்டில் கிடந்தது. சிக்னலில் வண்டி நின்றதும் சொன்னார்:

"அடுத்த வாட்டி நீ சுடும்போது வேற யாரையாச்சும் நடுவரா வச்சுக்க."

"ஏன் அண்ணி?"

"எனக்கு உன்னப் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. இனிமே சரியா கண்ணு தெரியாது."

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அண்ணி வண்டியை எடுத்தார்.