முதல் தீனி

குளிர்பெட்டியின் பிளக்கை அவள்தான் பிடுங்கினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கணவன் படுத்திருந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், மூலையில் குனிந்து வெடுக்கென்று இழுத்தாள். பெட்டியின் உறுமல் நின்றது. அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். கீழே கிடந்த சின்ன மோட்டாரின் பிளக்கை எடுத்து அவள் அதே இடத்தில் சொருக, அலமாரியில் தலைகீழாகக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் காற்று குபுகுபுவென்று கிளம்பியது.

"என்னம்மா பண்றே?" என்றாள் நாத்தனார். செத்துப்போனவருக்கு அக்கா. இந்த வீட்டில் எது நடந்தாலும் முதல் கேள்வி அவளுடையதுதான்.

"இதுக்குக் காத்து வேணும் அண்ணி."

"உள்ள படுத்திருக்கிறது என் தம்பி."

"அவருக்கு அஞ்சு நிமிஷம் குளிர் இல்லைன்னா ஒண்ணும் ஆகாது. இதுங்களுக்கு ஆகும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நாத்தனார் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பேச்சு வளர்வதற்குள், இவள் கூடப்பிறந்த தம்பி எதிர் வீட்டுக்கு ஓடி ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை வாங்கிவந்தான். இரண்டு பிளக்குகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. பெட்டி உறுமியது, பாட்டில் கொப்பளித்தது, அழுகையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நேற்று ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோக, மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறிப் போனவர், அங்கேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. "ஊரையெல்லாம் மேல ஏத்திவிட்டவன் கடைசியில படியேறித்தான் போனான்" என்று கூட வேலை பார்த்தவர் சொல்லிச் சொல்லி அழுதார். அது உண்மையாக இருந்ததால் யாராலும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

மனுஷனுக்கு வேலை போக மிச்ச நேரமெல்லாம் மீன்தான். தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். வருஷக்கணக்காக அவையும் முட்டை இடும், இவரும் காத்திருப்பார். ஒன்று, பெற்றதுகளே தின்றுவிடும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து வெளுத்துப்போகும். "உங்க வீட்டுப் பிரசவம் என்ன ஆச்சு?" என்று சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு விசேஷம் கேட்டுச் சிரிப்பார்கள். இந்தத் தடவை முட்டை ஒட்டியிருந்த இலையையே கத்தரித்து வேறு தொட்டிக்கு மாற்றினார். பொரிந்தது. பொரிந்தும் குஞ்சுகள் இலையை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தன.

"நாளைக்கு நீந்திடும் பாரு" என்றார் நேற்றுக் காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்குடுக்க வேணாம். சாப்பாடு மட்டும்தான் நம்ம பொறுப்பு. அதுவும் உயிரோட, கண்ணு முன்னாடி துடிக்கணும். தூள் போட்டா திரும்பிக்கூடப் பார்க்காதுங்க. பட்டினி கிடந்தே செத்துடும்." ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து, உப்புத் தண்ணீர் பாட்டிலில் இறால் முட்டையை ஒரு சிட்டிகை போட்டு, மோட்டாரை ஓடவிட்டார். முட்டை என்றால் கண்ணுக்கு முட்டையாகத் தெரியாது, பழுப்பு நிறத்தில் பொடி. "ஒரு நாள்ல பொரிஞ்சிடும். கணக்கு சரியா இருக்கு."

"நீங்களாச்சு, உங்க மீனாச்சு" என்றாள் அவள். எப்போதும் சொல்கிற பதில்தான்.

இன்று காலை, அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்தபோது தற்செயலாக அவள் கண் தொட்டியில் விழுந்தது. இலை காலியாக இருந்தது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்தாள். அப்புறம்தான் கண்ணாடி ஓரமாகத் தூசி மாதிரி ஒரு கூட்டம் நகர்ந்தது. உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு தூசிக்கும் இரண்டு கண் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்லி ஏமாற்ற முடியாது. கணவன் பிணமாகக் கிடக்கையில் பெண்டாட்டிக்கு என்ன சந்தோஷம் என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். திட்டினாலும் அது அடங்கவில்லை. உடனே அடுத்தது உறைத்தது. பாட்டிலில் சத்தம் இல்லை. அப்போதுதான் எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

சமையலறையில் தம்பியைத் தனியாகப் பிடித்தாள். "நீந்துதுடா."

"எது?"

"குஞ்சுங்க."

தம்பி அவளையே பார்த்தான். "அக்கா, நீ கொஞ்ச நேரம் படுக்கறியா?"

"பைத்தியம்னு நினைக்காதே. விடியக்காலையில பெட்டி கொண்டுவந்த ஆளு அப்பவே மோட்டாரைப் பிடுங்கிட்டான். உள்ள இருக்கிறது மூச்சு முட்டிச் செத்திருக்கும். எதுக்கும் இன்னொரு பாட்டில் போட்டு வச்சிடலாம்."

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். டப்பா இல்லை. அடுப்பருகே மூடியில்லாமல், காலியாக நின்றது. பக்கத்தில் எதிர் வீட்டம்மா பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ காப்பித்தூளை நல்லா ஒளிச்சு வச்சிருந்தேம்மா. தேடிக் கண்டுபிடிச்சிட்டேன். ஆனா என்ன தூளோ, எவ்வளவு கிண்டினாலும் கரைய மாட்டேங்குது. அதான் மொத்தத்தையும் கொட்டிட்டேன்."

ஒரு சுற்று ஏற்கெனவே கூடத்துக்குப் போயிருந்தது. சாவு வீட்டில் காப்பி நன்றாக இல்லை என்று யார் சொல்வது? அவருடைய மேனேஜர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மீசையில் ஒட்டியிருந்த பொடியைத் துக்கத்தோடு துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ குடிச்சியா?" என்றாள் தம்பியிடம்.

"ரெண்டு டம்ளர். ராத்திரியிலிருந்து பட்டினிக்கா. மண்ணு மாதிரி இருந்துச்சு. ஏன்?"

"ஒண்ணுமில்லை. அது உங்க மாமாவோட இறால் முட்டை."

தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். தோள் குலுங்கியது. எதிர் வீட்டம்மா கரண்டியை வைத்துவிட்டு வந்து முதுகைத் தடவினாள். "அழும்மா. அடக்கி வைக்காதே. நல்லா அழுதுடு." அதற்குள் சிரிப்பு எங்கேயோ அழுகையாகத்தான் மாறியிருந்தது. இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது? கேட்டால் புரண்டு புரண்டு சிரிக்கக்கூடிய ஒரே ஆள் கூடத்தில் படுத்திருந்தார்.

இனிமேல் அந்தப் பாட்டில்தான். அதில் உயிர் இருந்தால் குஞ்சுகளுக்கு உயிர்.

வண்டி வருவதற்குச் சற்று முன் மூலைக்குப் போனாள். என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேறு மீன்களுக்கு அவர் இறால் பொரிக்கும்போதெல்லாம், ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குவாள். முதுகுக்கும் காது இருந்திருக்கிறது. மோட்டாரை நிறுத்தணும். முட்டை ஓடெல்லாம் மேலே மிதக்கட்டும். துண்டைப் போட்டு மூடி, அடியில் வெளிச்சம் காட்டணும். உயிர் இருக்கிறது மட்டும் வெளிச்சத்துக்கு வரும்.

தம்பியின் செல்போன் டார்ச்சைப் பாட்டிலின் அடியில் பிடித்தாள். தண்ணீர் பழுப்பாகக் கலங்கிக் கிடந்தது. ஒன்றும் வரவில்லை. வாடா, வாடா என்று முணுமுணுத்தாள். வெளிச்சத்தின் விளிம்பில் ஏதோ அசைந்தது. ஒரு புள்ளி. இன்னொன்று. பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் புகை, துடித்துக்கொண்டே கீழே இறங்கியது.

"டேய், இருக்குடா" என்றாள். தம்பியும் குனிந்துவிட்டான்.

வடிகட்ட மெல்லிய துணி வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் சாவி, கைக்கடிகாரம், நேற்று அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த கைக்குட்டை மூன்றும் இருந்தன. கைக்குட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. குழாயில் அலசிக் கிண்ணத்தின் மேல் விரித்தாள். மோட்டாரிலிருந்து காற்றுக்குழாயைக் கழற்றி, அந்த முனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். உப்புத் தண்ணீர் வாய்க்குள் ஏறியது. அவர் இப்படிச் செய்யும்போதெல்லாம் சீ என்றிருக்கிறாள்.

"வண்டி வந்துடுச்சு." நாத்தனார் பின்னால் வந்து நின்றாள். "எல்லாரும் உனக்காகக் காத்திருக்காங்க. இங்க வாயில குழாயை வச்சிக்கிட்டு நிக்கிறே. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஒரே நிமிஷம் அண்ணி. இப்ப விட்டா இதுங்க அவ்வளவுதான்."

குழாய்த் தண்ணீரைக் கைக்குட்டையில் வழியவிட்டு, அதில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசி, மருந்து விடுகிற சொட்டுக்குழலில் எடுத்தாள். மறு கையால் டார்ச்சைக் காட்டிக்கொண்டு தொட்டியில் ஒரு சொட்டு விட்டாள். ஆரஞ்சுப் புள்ளிகள் துள்ளிக்கொண்டே பரவின. குஞ்சுகள் சும்மா நின்றன. இன்னொரு சொட்டு. ஒரு குஞ்சு உடம்பை வளைத்தது. வளைத்தபடியே குறி பார்த்தது. சட்டென்று பாய்ந்தது. அடுத்த நொடி அதன் கண்ணாடி வயிற்றுக்குள் ஒரு ஆரஞ்சுப் பொட்டு தெரிந்தது. பிறகு பக்கத்தில் இருந்தது பாய்ந்தது. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. தொட்டி முழுக்கப் பாய்ச்சலாக இருந்தது. பொட்டுப் பொட்டாக வயிறுகள் நிறம் மாறிக்கொண்டே வந்தன.

"என்னங்க" என்று அவள் திரும்பினாள். "சீக்கிரம் வாங்க, சாப்பிடுதுங்க—"

குரல் பெரிதாகத்தான் வந்துவிட்டது. கூடம் மொத்தமும் அவளைப் பார்த்தது. பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். டார்ச் அவள் கையிலிருந்து நழுவியது.

நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து, வெளிச்சத்தைத் தொட்டியின் மேல் நேராகக் காட்டினாள்.

"அந்த ஓரத்துல ரெண்டு நிக்குது பாரு" என்றாள். "அதுங்களுக்கு இன்னும் கிடைக்கலை. இன்னொரு சொட்டு விடு."

வாசலில் யாரோ வண்டிக்காரனிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள்.