தெரியாத விலாசம்

தகப்பனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கீற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது நிவேதனாவின் கைத்தொலைபேசி அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். மறுபடியும் அடித்தது. முடிச்சை இறுக்கிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். நெல்லியடி அச்சகத்திலிருந்து ஜெயனி. மரண அறிவித்தலுக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் முகம் உடைகிறது, வேறு நல்ல படம் இருந்தால் ஈமெயிலில் அனுப்புங்கோ என்றாள். இரண்டு மணிக்குள் வந்தால் இன்றைக்கே அடித்து, பொழுதுபட முதல் சந்திகளில் ஒட்டிவிடலாமாம்.

தகப்பன் இராசநாயகம் அன்று காலை கிணற்றடிக்கு முகம் கழுவப் போனவர். வாளி உருண்ட சத்தம் கேட்டுத் தாய் ஞானாம்பிகை ஓடிப்போனபோது கிணற்றின் சீமெந்துக் கட்டோடு சாய்ந்தபடி இருந்தாராம். கூப்பிட்டாளாம், தோளில் தட்டினாளாம். நிவேதனாவும் கணவன் டினேசும் அச்சுவேலியிலிருந்து உடுப்பிட்டிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சொல்லவேண்டியதை அவர்கள் சொல்லக் கேட்டு, திருப்பிக் கொண்டுவந்து, குளிப்பாட்டி நடு அறையில் கிடத்தியாகிவிட்டது. முற்றத்தில் பந்தற்கால் நட ஆட்கள் கிடங்கு தோண்டினார்கள்.

நல்ல படம் கணினியில்தான் இருந்தது. நிவேதனா பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மேசை துடைத்தபடி இருந்தது. விசைப்பலகைக்கு மேல் துவாய் ஒன்று மடித்துப் போடப்பட்டிருந்தது. அருகில் நீலமட்டைக் கொப்பி, அதன்மேல் பேனை. இராசநாயகம் இ.போ.ச. பஸ் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவர். பஸ் வந்தால் வந்த நேரத்தை எழுதுவார், வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. நிவேதனா கொப்பியைத் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் திகதி, நேரம், அதற்கு நேரே ஒரே சொல்: வரவில்லை.

தம்பி கோகுலனிடமிருந்துதான் வரவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போனவன். அந்த நாடு பிடித்து ஏதோ ஒரு தீவில் வைத்திருந்த காலத்தில் இடைக்கிடை தொலைபேசியில் கதைத்தான். ஒரு நாள் தகப்பனுக்கும் மகனுக்கும் கதை முற்றியது. திரும்பி வா என்று இவர் சொல்ல, செத்தாலும் வரமாட்டன் என்று அவன் சொல்ல, அப்ப இனி இஞ்சை எடுக்காதை என்று இவர் வைத்துவிட்டார். அவன் எடுக்கவில்லை. சில மாதம் கழித்து இவர் அந்த இலக்கத்துக்கு எடுத்தபோது அது வேலை செய்யவில்லை. பிறகு வீட்டுத் தொலைபேசியும் இல்லாமல் போனது. மகனிடம் இருக்கக்கூடிய ஒரே தொடர்பு, அவன் போன புதிதில் நெல்லியடியில் ஒரு கடைக்காரர் திறந்துகொடுத்த இராசநாயகத்தின் ஈமெயில் விலாசம் மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் முதலாவது நெஞ்சுவலி வந்து தேறியபோது, அந்த விலாசத்தைத் திரும்ப உயிர்ப்பித்துத் தரச் சொல்லி மகளைக் கேட்டார். கைத்தொலைபேசியின் சின்ன எழுத்து அவருக்குப் பிடிபடாது, விரலும் நடுங்கும். நிவேதனா பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிப்பவள். பழைய டெஸ்க்டொப் ஒன்றைத் திருத்திக் கொண்டுவந்து, மின்னஞ்சல் நேரே வந்து விழும்படி செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, தகப்பனை இருத்திக் காட்டிக்கொடுத்தாள். வகுப்பில் சொல்வதைப் போலவே எல்லாம் சொன்னாள். பாஸ்வேர்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மாற்றவேண்டும், ஒருவருக்கும் சொல்லக்கூடாது, தெரியாத ஆட்களிடமிருந்து வருவதைத் திறக்கவே கூடாது. அவர் கொப்பியில் இலக்கமிட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டாவது கிழமை அவர் ஒன்றைத் திறந்துவிட்டார். உங்களுக்கு ஒரு பொதி வந்து தேங்கிக் கிடக்கிறது என்று ஆங்கிலத்தில் வந்தது அது. மகன் அனுப்பியிருப்பான் என்று நினைத்திருக்கிறார். பின்னேரத்துக்குள் கணினியில் இருந்த படங்கள் எல்லாம் பூட்டுப்பட்டுப்போயின, கோகுலனின் சின்ன வயதுப் படங்கள் உட்பட. நிவேதனா எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றினாள். ஏற்றியபடியே தகப்பனைப் பேசினாள். "எத்தினை தரம் சொன்னனான் அப்பா? எழுதியும் வைச்சிருக்கிறியள்தானே, வாசிக்கிறேல்லையோ?" இராசநாயகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்புக்கு வெளியே விடப்பட்ட பிள்ளை மாதிரி, உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

அன்றைக்குத்தான் அவள் அந்த ஏற்பாட்டைச் செய்தாள். விலாசப் பட்டியலில் உள்ளவர்கள் எழுதினால் மட்டும் இன்பொக்ஸுக்கு வரும். மற்ற எதுவும் நேரே ஸ்பாமுக்குப் போகும். முப்பது நாளில் அங்கிருந்து தானாக அழிந்துவிடும். தகப்பன் எட்டிப் பார்க்கவும் கூடாதென்று ஸ்பாம் பெட்டியையே திரையில் தெரியாமல் மறைத்துவிட்டாள். பட்டியலில் முதலாவதாகத் தம்பி முன்பு பாவித்த விலாசத்தைப் போட்டாள்.

இப்போது அவள் படத்தைத் தேடியெடுத்தாள். டினேசின் தங்கை கலியாணத்தில் எடுத்தது. பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாகத் தகப்பன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். திறந்து கிடந்த அவருடைய மின்னஞ்சலிலிருந்தே ஜெயனிக்கு அனுப்பினாள்.

நடு அறையில் யாரோ புதிதாக வந்து தாயைக் கட்டிப்பிடித்து அழும் குரல் எழும்பியது. பத்து நிமிடத்தில் ஜெயனி மறுபடியும் எடுத்தாள். அறிவித்தலைச் செய்து அதே விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாளாம், பிழை பார்த்துச் சொன்னால் அடிக்கத் தொடங்கலாமாம். நிவேதனா பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் அனுப்பச் சொன்னாள். அதுவும் வரவில்லை. அனுப்பினது போனதெண்டு காட்டுதே அக்கா என்றாள் ஜெயனி.

அப்போதுதான் தான் போட்ட பூட்டு ஞாபகம் வந்தது. ஜெயனியின் விலாசம் பட்டியலில் இல்லை. நிவேதனா அமைப்புகளுக்குள் போய், மறைத்த பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தாள். நூற்றுக்கு மேல் கிடந்தன. மேலே ஜெயனியின் இரண்டு. திறந்து பார்த்தாள். பெயர், வயது, பிறந்த இடம், ஞானாம்பிகையின் அன்புக் கணவரும், நிவேதனா, கோகுலன் ஆகியோரின் அன்புத் தந்தையும். கோகுலனுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வெளிநாடு என்று போட்டிருந்தது. எந்த நாடென்று கேட்டபோது டினேஸ் அப்படித்தான் போடச் சொன்னவன். சரி, அடியுங்கோ தங்கச்சி என்று சொல்லி வைத்தாள்.

பெட்டியை மூடப் போனவளின் கண் கீழே போனது. பரிசு விழுந்திருக்கிறது, கணக்கு முடக்கப்படும், மலிவு விற்பனை. அவற்றுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் கோகுலன் என்று ஒரு பெயர். விலாசம் ஏதோ ஒரு கம்பனியினுடையது. பொருள் என்ற இடத்தில் தமிழில் அப்பா என்று இருந்தது. இன்னும் கீழே போனாள். அதே பெயரில் இன்னொன்று. அதற்குக் கீழே இல்லை.

மேலே இருந்ததைத் திறந்தாள்.

'அப்பா, இது ஒன்பதாவது கடிதம். என்னுடைய பழைய விலாசம் பூட்டுப்பட்டுப் போச்சு. அதனால்தான் வேலையிடத்து விலாசத்தில் இருந்து எழுதுகிறேன் என்று முதல் கடிதத்திலேயே சொன்னேன். நீங்கள் வாசிக்கிறீங்களோ தெரியாது. நான் அண்டைக்குச் சொன்னது பிழை. அதையும் எழுதிவிட்டேன், திரும்பத் திரும்ப எழுத வெட்கமாக இருக்கு. அக்காவுக்கு எழுத நினைத்தேன். ஆனால் உங்களிடம் மன்னிப்புக் கேட்காமல் பின்பக்கத்தால் வீட்டுக்குள் வருவது மாதிரி இருக்கும். இந்த மாதம் முப்பதாம் திகதியோடு இங்கே வேலை முடியுது. பிறகு இந்த விலாசம் இராது, இந்த ஊரிலும் இருக்கமாட்டேன். அதற்குள் ஒரு சொல் எழுதினால் போதும். எழுதாவிட்டால் உங்களுடைய மனம் எனக்கு விளங்கும். இனிக் கரைச்சல் தரமாட்டேன். அம்மாவின் கால் வீக்கம் எப்படி?'

கடிதம் போன மாதம் பன்னிரண்டாம் திகதியிடப்பட்டிருந்தது. இன்றைக்கு நாலாம் திகதி.

மற்றதைத் திறக்க அவளால் முடியவில்லை. அதற்கு முந்திய ஏழும் முப்பது முப்பது நாளாக, அவள் சொல்லிவைத்தபடி, ஒழுங்காக அழிந்து போயிருந்தன. தகப்பன் இந்தக் கதிரையில் இருந்து வரவில்லை என்று எழுதிய நாட்களில் அவை இந்தப் பெட்டிக்குள்தான் கிடந்திருக்கின்றன, ஒரு விரல் தூரத்தில்.

ஒரு நாள் தகப்பன் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. போன வருடம், தைப்பொங்கலுக்கு வந்து நின்றபோது. "பிள்ளை, ஆராவது புது விலாசத்திலை இருந்து எழுதினால் எனக்கு வருமோ?" அவள் பானையில் பொங்கிய புக்கையைக் கிண்டியபடி, திரும்பிப் பாராமலே, "வராதப்பா. வரக்கூடாதெண்டுதானே செய்து வைச்சிருக்கிறன்" என்றாள். அவர், "ஓம், அது நல்லதுதான்" என்றுவிட்டுப் போனார். அதற்கு மேல் கேட்கப் பயந்திருக்கிறார். அவளைப் பார்த்து.

அவள் எழுதத் தொடங்கினாள். தம்பி, நான் அக்கா. அப்பா இண்டைக்குக் காலமை எங்களை விட்டுப் போயிட்டார். அவர் ஒண்டையும் வாசிக்கேல்லை. நான்தான் வராமல் செய்தனான். எழுத்துப் பிழையைத் திருத்தாமல், தன் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு அனுப்பினாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. அதுவும் ஸ்பாமுக்குத்தான் வந்தது. அப்படியொரு விலாசம் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இன்னொரு தரம் அனுப்பினாள். இன்னொரு தரம் வந்தது.

கதவு திறந்தது. ஞானாம்பிகை நின்றாள். அவிழ்ந்த தலைமயிரை ஒரு கையால் அள்ளிப் பிடித்திருந்தாள்.

"தம்பியிட்டை இருந்து ஏதும் வந்ததோ பிள்ளை?"

அது புதுக் கேள்வியல்ல. ஒவ்வொரு நாளும் புருஷன் கணினியை நிறுத்திவிட்டு எழும்பும்போது அவள் குசினி அடுப்படியில் இருந்து கேட்கிற கேள்வி. நிவேதனா திரையைத் தன் உடம்பால் மறைத்தாள்.

"இல்லையம்மா."

"இண்டைக்கும் பாக்கவேணுமெண்டுதான் வெள்ளெனவே எழும்பினவர்" என்றாள் ஞானாம்பிகை. பிறகு வந்த வழியே போய்ப் புருஷனின் தலைமாட்டில் இருந்தாள்.

அடுத்த நாள் நண்பகலுக்குப் பின் பிரேதத்தை எடுத்தார்கள். டினேஸ் மீசையை வழித்து, ஈர வேட்டியோடு கொள்ளிக்குடம் தூக்க நின்றான். மகன் இருந்து செய்யவேண்டியது என்று பெண்கள் பகுதியில் யாரோ சொன்னார்கள். பெத்தவன் கண்மூடியும் ஒரு வார்த்தை எடுக்கேல்லைப் பார், கல்லு மனம் என்று இன்னொருத்தி சொன்னாள். இல்லை என்று சொல்ல நிவேதனா வாயெடுத்தாள். வாய்க்கரிசி போடும்படி அவளைக் கூப்பிட்டார்கள். குனிந்து அரிசியைப் போட்டபோது தகப்பனின் உதடுகள் சற்றுத் திறந்திருந்தன. படலையடியில் பறை உரத்தது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஒழுங்கை முகப்புவரை ஓடினார்கள். அவளும் ஓடினாள். எல்லோரும் அழுதார்கள், அவளுக்கு அழுகை வரவில்லை. அதைப் பார்த்து, பிள்ளை விறைச்சுப்போச்சுது, தண்ணி குடுங்கோ என்றார்கள்.

காடாத்தும் முடிந்தது. சாம்பல் கடலில் கரைந்தது. வந்தவர்கள் போய், அடுப்பு மூட்டுவதற்கும் துணைக்கு இருப்பதற்கும் ஒன்றிரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். டினேசிடம் சொல்லவேண்டுமென்று நிவேதனா இரண்டு தரம் நினைத்தாள். அவன் பந்தல்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றான். காடாத்துக்கு அடுத்த நாள் காலை அவள் கணினியைத் திறந்து, இரண்டு வருடத்துக்கு முதல் போட்ட விதியை அழித்தாள். இனி யார் எழுதினாலும் வரும். இணையத்தில் தம்பியின் பெயரைத் தேடினாள். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவன் இல்லை.

பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. தாய். கிணற்றடியிலிருந்து வந்திருக்கிறாள், முகத்தில் தண்ணீர் வடிந்தது. பொட்டில்லாத நெற்றி அகலமாகத் தெரிந்தது.

"எனக்கும் இதை ஒருக்காக் காட்டித் தா பிள்ளை" என்றாள்.

"என்னத்தையம்மா?"

"நீ இண்டைக்கோ நாளைக்கோ அச்சுவேலிக்குப் போயிடுவாய். அவரும் இல்லை. ஆர் இருந்து பாக்கிறது?"

நிவேதனா தாயின் முகத்தைப் பார்த்தாள். எழும்பிக் கதிரையை விட்டுக்கொடுத்தாள். ஞானாம்பிகை விளிம்பில் இருந்தாள். மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் உள்ளங்கை முழுவதையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். நிவேதனா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. இரண்டு கையும் சேர்ந்து நகர்த்த, அம்புக்குறி திரையின் குறுக்கே தடுமாறிப் போய் நின்றது.

"இதிலை ஒருக்கா அமத்துங்கோ."

பெட்டி திறந்தது. அதற்குள் நாலைந்து வந்து கிடந்தன.

"இது ஆர்?"

"தெரியாத ஆக்கள் அம்மா."

ஞானாம்பிகை சற்று நேரம் அந்த வரிகளைப் பார்த்தாள். எழுத்துகள் ஆங்கிலம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"திறந்து பார்."

நிவேதனா திறந்தாள். யாருக்கோ பரிசு விழுந்திருந்தது. அதைத் தமிழில் சொன்னாள். அடுத்ததைத் திற என்றாள் தாய். அதையும் திறந்து வாசித்தாள். மூன்றாவதைத் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பு நிறச் சப்பாத்து ஒன்று விரிந்தது. ஞானாம்பிகை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கதிரையை முன்னுக்கு இழுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.