ஷார்ஜாவில் இருந்த வீரபாண்டி

செத்துப்போன பிறகுதான் வீரபாண்டியை ஷார்ஜாவுக்கு அனுப்பி வைத்தாள் பேச்சி.

வேறு என்ன செய்வாள்? எர்ணாகுளத்தில் கட்டட வேலைக்கு வந்த இடத்தில் சாரம் சரிந்து மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். தென்காசியில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பினால் காலம் பூரா மதினிக்குப் பாத்திரம் தேய்க்கவேண்டியதுதான். அதற்குப் பயந்தே பூவை யோசித்தாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கும் மல்லிகையைக் கட்டி, போட் ஏறி, அக்கரையில் மட்டாஞ்சேரியில் வீடு வீடாகக் கொடுத்தால் என்ன? கொங்கணி வீடுகள், குஜராத்தி வீடுகள், தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகள் என்று பூ வைக்கிற தலைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. கடை போட வக்கு ஏது, மண்ணாங்கட்டி! ஒரு அலுமினியச் சட்டி, வாழை இலை, ஈரத்துணி. முதலில் ஒரே ஒரு தெரு, அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும். விற்றால் பூ, விற்காவிட்டால் தென்காசி.

ஆனால் தாலியறுத்தவள் கையால் யார் பூ வாங்குவார்கள்? அவள் ஊரில் வாங்கமாட்டார்கள். அதனால் போட் கிளம்பியதும் மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். முதல் வாசலிலேயே புருஷன் எங்கே என்று கேட்டார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் அந்தத் தெருவில் கண்ணில் படாத புருஷன்மார் எல்லோரும் ஒரே திசையில்தான் இருந்தார்கள். பேச்சியும் "ஷார்ஜாவுல" என்று சொல்லிவிட்டாள்.

பூ விற்றது. வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்தது. ராவுத்தர் வீட்டு மருமகள் ஜுமைலா, வீரபாண்டியை விசாரிக்காமல் பூவைத் தொடவே மாட்டாள்.

"அக்கா, மச்சான் லெட்டர் உண்டா?"

"வந்துச்சும்மா. ரொட்டியத் தின்னு தின்னு மெலிஞ்சிட்டாவளாம்."

"பாவம்! உறக்கமாவது சரிக்கு உண்டா?"

"எங்க? கூட இருக்க மலப்புறத்துக்காரன் குறட்டை விடுதானாம்."

முதலில் இதெல்லாம் வியாபாரப் பேச்சு. போகப் போக அவளுக்கே இது பிடித்துப்போனது. வீரபாண்டிக்கு மீசை வளர்த்தாள், கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள், காய்ச்சல் வரவழைத்து, தெருவே கவலைப்பட்ட பிறகு குணமாக்கினாள். எர்ணாகுளத்துக் குடிசையில் அவளோடு பேச நாதியில்லை. அவள் புருஷனைப் பற்றிப் பேச உலகத்திலேயே மட்டாஞ்சேரியில்தான் ஆள் இருந்தது. பூ இல்லாத நாட்கள் அவளைத் தின்றன.

அப்போதுதான் ஜுமைலாவின் புருஷன் ஜாபர் சாதிக்குக்கு விசா வந்தது. ஷார்ஜாவுக்கேதான்.

"மச்சான் அட்ரஸ் தாங்கக்கா. கப்பைக்கிழங்கு வறுத்தது, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் பொதி கட்டி வச்சிருக்கேன். இவங்களே கொண்டுபோய்க் கொடுத்திடுவாங்க."

பொதியின் மேல் மலையாளத்தில் வீரபாண்டி பேரை எழுதியிருந்தார்கள். ஏதாவது ஒரு அட்ரஸைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். தெரியாத ஊரில் ஜாபர் பொதியும் கையுமாக அலைவானே என்று நினைத்ததும் பொய் வாயில் வரவில்லை.

"அவிய இல்லம்மா. செத்துட்டாவ."

சாரம் சரிந்தது, குங்குமம் வைத்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சட்டியைத் தூக்கினாள். தென்காசி பஸ் கண் முன்னால் வந்து நின்றது.

"இதுக்கா மறைச்சீங்க?" ஜுமைலா சட்டியைப் பிடித்துக்கொண்டாள். "பூ வாங்க நாங்க அதெல்லாம் பார்க்கறதில்லக்கா. வெள்ளிக்கிழமை வரணும், கேட்டீங்களா?"

வெள்ளிக்கிழமை வெறும் நெற்றியோடு போனாள். தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. ஒரு வீடும் பூ வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலர் ஒரு முழம் கூடவே வாங்கினார்கள். இனித் தென்காசி இல்லை, பாத்திரமும் இல்லை.

போட்டில் வரும்போதே அவள் நிஜத்தையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அவன் வெல்லம் போட்ட சாயாதான் குடிப்பான், சம்பள நாளில் பாடிக்கொண்டே வருவான், கோபம் வந்தால் சோறு வேண்டாம் என்பான். இனிப் பொய்யே வேண்டாம், கேட்டால் போதும்.

ஜுமைலா பூவை வாங்கினாள், சாயா கொடுத்தாள், மழையைப் பற்றிப் பேசினாள், போட்டில் கூட்டமா என்று கேட்டாள். பேச்சி சாயாவை மெதுவாகக் குடித்தாள். அடுத்த வீட்டிலும் மழைதான். பாவம், அவள் மனசு நோகக் கூடாதென்று ஒருவரும் அவன் பேரை எடுக்கவில்லை.

திரும்பும் போட்டில் சட்டி காலியாக இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, அவன் செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகை அழுதாள் பேச்சி.