குருவம்மாள் பிடித்த துரும்பு

பேச்சிமுத்துவும் பெண்சாதி குருவம்மாளும் கண்டித் தேயிலைத் தோட்டத்தில் சில வருஷம் வேலை செய்தவர்கள். அங்கே மழைக்குளிருக்குக் கங்காணியே ஆண் பெண் எல்லோருக்கும் சாராயம் ஊற்றிக் கொடுப்பான். யாரும் தப்பாகப் பேசியதில்லை.

வன்னியம்பட்டிக்குத் திரும்பிய பின் ஒருநாள் இருவரும் சேர்ந்தே கள் குடித்தார்கள். அவன் ஓடையில் விழுந்து கிடந்தான். அவன் அண்ணன்மார் சிரித்துக்கொண்டே தூக்கி வந்தார்கள். அவள் தள்ளாடாமல் நடந்து வந்து கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். மாமியார் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பெண்பிள்ளை குடித்தாள் என்று மறுநாள் ஊர் கூடி, அவளைத் தீர்த்துவிடச் சொன்னது. ஊர் வழக்கப்படி புருஷன் துரும்பை ஒடித்துப் போட்டால் கலியாணம் முறிந்துவிடும்; பிள்ளை அவனுக்குத்தான். அன்றும் அவன் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"கண்டியில ரெண்டு பேருந்தானே குடிச்சோம்?" என்றாள் அவள்.

"அது கண்டி. இது ஊரு," என்றார் நாட்டாமை.

பேச்சிமுத்துவின் கை நடுங்கித் துரும்பு கீழே விழுந்துகொண்டே இருந்தது. கூட்டம் சிரித்தது.

"ஏட்டி, ஒரு நுனியப் பிடிச்சுக் குடு. பொறவு பிள்ளைக்கு ஒருதரம் பால் குடுத்துட்டுப் போ," என்றார் நாட்டாமை அவளிடம்.

குருவம்மாள் ஆடாமல் பிடித்தாள். துரும்பு ஒடிந்தது. பிள்ளைக்காகக் கையை நீட்டினாள்.

"இனி அவன் பிள்ளைக்குப் பால் குடுக்க நீ யாரு?" என்றார் நாட்டாமை.