நாற்பத்தேழில் முடியும் எண்

அறுபத்தெட்டாயிரத்து முன்னூற்று ஐம்பது. கொத்தனார் ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி அது. அதுவும் செவ்வாய்க்கிழமை காலை நிலவரம்தான். படுக்கைக்கு நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் வீதம் மேலே ஏறும் என்று கணக்குப் பிரிவில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

அவர் மனைவி குழாயடி ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு வந்தவள். சேர்க்கும்போதே கொத்தனார் பேரில் இருந்த அரசாங்கக் குடும்பக் காப்பீட்டு அட்டையைக் காட்டினார்கள். வாசல் மேசையில் இருந்தவன் அதை நகல் எடுத்துக்கொண்டு, இது போதும், போய் உட்காருங்கள் என்றான். இடுப்பைத் திறந்து, தகடு வைத்து, தைத்து முடித்து, கட்டும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்கு ஞானம் வந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் புது அட்டை வாங்கியிருக்க வேண்டுமாம். பழையது போன வருஷமே செத்துப்போய்விட்டதாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று கொத்தனார் கேட்டதற்கு, உங்கள் போனுக்குத் தகவல் வந்திருக்குமே என்றார்கள். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் புது அட்டை வந்தால் அரசாங்கம் கட்டும். வராவிட்டால் இவர் கட்ட வேண்டும். ரெண்டில் ஒன்று நடக்கும்வரை அவளை வெளியே விட மாட்டார்கள்.

"அடகு வச்ச அண்டா மாதிரி கெடக்கேன்," என்றாள் அவர் மனைவி. "நல்லவேளை, இவங்க என்னை வெளக்கி வேற வைக்கிறாங்க."

அவளும் கட்டட வேலைக்காரிதான். இருபத்தெட்டு வருஷம் தலையில் செங்கல் சுமந்தவள். அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காப்பீட்டு அலுவலகம் மூன்றாவது மாடியில். லிப்டின் மேல் 'பழுது' என்று எழுதி ஒட்டிய தாள் பழுப்பேறிப் போயிருந்தது. வயசானவர்களுக்கான கவுண்டரைக் கொண்டுபோய் மூன்றாவது மாடியில் வைத்த புண்ணியவானைத் திட்டிக்கொண்டே அவர் படியேறினார். அறுபத்து நாலு வயசு; முழங்கால் ரெண்டும் மணல் சலிப்பதுபோல் சத்தம் போட்டன. டோக்கன் நூற்றுப் பதினெட்டு. கூப்பிட்டபோது மணி பன்னிரண்டரை.

கவுண்டரில் இருந்த அம்மா கெட்டவள் இல்லை. களைத்துப் போயிருந்தாள். விரலை வைக்கச் சொன்னாள். வைத்தார். பெட்டி சிவப்பாக மின்னியது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று பத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று.

"ரேகையே இல்லையே பெரியவரே," என்றாள். "எங்க போச்சு?"

"இந்த மாதிரி சுவருங்க தின்னுடுச்சும்மா," என்று அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

நாற்பது வருஷம் ஈரச் சிமெண்டையும் செங்கலையும் தொட்ட கை. விரல் நுனி கூழாங்கல்போல வழவழவென்று இருந்தது. ரேகை விழாதவர்களுக்குக் கண்ணைப் படம் பிடிக்கும் மிஷின் உண்டாம். அது தலைமை அலுவலகத்தில் இருக்கிறதாம். அதற்குப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் தேதியாம். இல்லாவிட்டால் போனுக்கு ஆறு இலக்க ஓடிபி ஒன்று வரும், அதைச் சொன்னால் போதும் என்றாள். அவர் தன் போனைக் கவுண்டர் மேலேயே எடுத்து வைத்தார். அது கல்லாகக் கிடந்தது. ரெண்டாம் தடவை அனுப்பினாள். மூன்றாம் தடவையும் அனுப்பினாள். அதோடு அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு மூன்று தடவைதான்.

"உங்க நம்பர் நாப்பத்தேழுல முடியுதா?"

முடியவில்லை. ஆனால் நாற்பத்தேழில் முடியும் எண் எது என்று அவருக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்து இலக்கத்தையும் சொல்வார். அது மேஸ்திரியின் எண்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலை நடந்த இடத்துக்கே அட்டை போடுகிறவர்கள் வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மணல் குவியல் ஓரமாக முப்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். போன் நம்பர் கேட்டபோது ஆளுக்கு ஆள் முழித்தார்கள். மேஸ்திரி முன்னால் வந்து, எல்லோருக்கும் என் நம்பரையே போட்டுக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் அதுதான் வழக்கம். சம்பளம் அவர் கை வழியாக வரும். லீவு அவரிடம் கேட்க வேண்டும். வீட்டில் சாவு விழுந்தால்கூட அவர் போனுக்குத்தான் சேதி வரும். வெளி உலகத்துக்கு அந்த முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு போன். அன்றைக்கு எல்லோரும் அவருக்குக் கை எடுத்துக் கும்பிட்டார்கள். கொத்தனாரும் கும்பிட்டார்.

படியிறங்கி வந்து அந்த எண்ணுக்குப் போன் போட்டார். யாரோ ஒரு பெண் எடுத்தாள். ஓடிபி என்று அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், வைத்துவிட்டாள். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

புதன்கிழமை காலையில் மேஸ்திரி வீட்டுக்குப் போனார். மாடி எடுத்துக் கட்டியிருந்தார் மேஸ்திரி. கொத்தனாரைவிட ஆறு வயசு சின்னவர். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசற்படியிலேயே நின்று பல் குத்திக்கொண்டு கேட்டார்.

"அந்த நம்பரா? அது போயி மூணு வருஷம் ஆச்சேடா. பேன்சி நம்பர் ஒண்ணு கெடைச்சுது, மாத்திட்டேன். பழசுக்குக் காசு போடல, கம்பெனிக்காரன் வேற எவனுக்காவது வித்திருப்பான்."

"எங்க யாருக்கும் சொல்லலீங்களே."

"எதுக்குச் சொல்லணும்? நீங்க என்ன எனக்குத் தினமும் போன் போட்டு நலம் விசாரிச்சீங்களா?"

"முப்பத்திரண்டு பேரு அட்டையில அந்த நம்பர் இருக்குங்க."

மேஸ்திரி குச்சியைத் துப்பினார். அன்றைக்கு நான் குடுக்கவில்லை என்றால் உங்களில் ஒருத்தனுக்கும் அட்டையே கிடைத்திருக்காது, நல்லது செய்தால் இதுதான் கதி என்று சொல்லிவிட்டு, வேண்டுமானால் ஐநூறு வைத்துக்கொள் என்று பையில் கை விட்டார். கொத்தனார் அந்தக் கையைப் பார்த்தார். அந்த மோவாயைப் பெயர்த்து எடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வாயில் வந்தது, "வேணாங்க, வரேங்க," என்பதுதான். தெரு முனைக்கு வந்த பிறகுதான் தன் நாக்கு செய்த காரியம் உறைத்தது. அதற்கப்புறம் மேஸ்திரிமேல் இருந்த கோபத்தைவிடத் தன் நாக்கின்மேல் இருந்த கோபம் பெரிதாகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவர் முணுமுணுப்பதைக் கேட்டு வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த எண்ணுக்கு மறுபடியும் போட்டார். பதினேழாவது தடவை அந்தப் பெண் எடுத்தாள்.

"ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு தெனமும் தலைபாடா அடிச்சுக்கிறாங்க. உங்கள மாதிரி ஆளுங்களால எங்க ஓனர் நாப்பதாயிரம் தொலைச்சாரு. வைங்க போன."

அவர் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தங்கச்சி, வைக்காத. நான் இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கேன்."

"திருடங்க பொம்பளைங்களையும்தான் பேச வைக்கிறாங்க."

"சரி, குடுக்காத. நீ சொல்றதும் நியாயம்தான். நாளைக்குக் காலையில நீயே நேர்ல வா. அட்டை ஆபீஸு மூணாவது மாடி. எம் புருஷன் நிப்பாரு, மூக்கு மேல கோவத்த வச்சுக்கிட்டு ஒருத்தரு நின்னா அவருதான். திருடனா இருந்தா போலீஸையும் கூட்டிக்கிட்டு வா."

லீவு போட்டால் அரை நாள் கூலி போகும் என்றாள் அந்தப் பக்கம் இருந்தவள். எவ்வளவு என்று கேட்டாள் இவள். போன் கட்டானது.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே கொத்தனார் மாடியேறிவிட்டார். இன்றைக்கும் மூன்று தடவைதான். தவறினால் அதோடு முடிந்தது. பத்து மணி ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. டோக்கன் ஒருமுறை கூப்பிட்டுக் கடந்துபோய்விட்டது. புது டோக்கன் வாங்கினார். பதினொன்றேமுக்காலுக்கு ஒரு பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். நாற்பது வயசிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்த தையல்காரி. வந்தவள் கவுண்டரைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், கடைசியாக அவர் கையைப் பார்த்தாள். கையைப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இது நிஜமாகவே அரசாங்க ஆபீஸ்தான் என்று நம்பிக்கை வந்ததும் அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. போனைத் திறந்து காட்டினாள். அந்த எண்ணை வாங்கியதிலிருந்து இந்த மாதிரி ஓடிபி வந்துகொண்டேதான் இருந்ததாம். யாரோ தன் பேரில் திருடப் பார்க்கிறார்கள் என்று பயந்து ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்தாள். அவரே எண்ணிப் பார்த்தார். இருபத்தாறு. சில நாள் மூன்று மூன்றாக வந்திருந்தது.

"கூப்பிட்டவங்கள்ல நீங்க ஒம்பதாவது ஆளு," என்றாள். "எல்லாரையும் திட்டித்தான் வச்சேன். போன மழையில ஒருத்தரு நாலு நாளு விடாம கூப்பிட்டாரு. பாவம், பேசவே முடியல, வார்த்தைக்கு வார்த்தை இருமல். நடிக்கிறான்னு நெனச்சேன். அவரு யாருன்னு தெரியுமாண்ணே உங்களுக்கு?"

தெரியும். சாந்து குழைக்கிறவர். எல்லோரும் சாந்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிமெண்டுத் தூசி நெஞ்சில் கட்டி, போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே சேர்க்க அட்டை இல்லாமல் செத்துப்போனார். அட்டையைப் புதுப்பிக்காமல் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டார் என்றுதான் சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். கொத்தனாரும் அப்படித்தான் பேசினார்.

தையல்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அவரு பையன் வந்து வேற வழியில முடிச்சுக் குடுத்துட்டாரும்மா," என்றார் கொத்தனார். "நல்லா இருக்காரு."

டோக்கன் கூப்பிட்டார்கள். முதல் தடவை அனுப்பியதுமே தையல்காரியின் போன் கிணுகிணுத்தது. வேறு ஆள் போனில் வந்ததை வாங்கக் கூடாது என்றாள் கவுண்டர் அம்மா. கொத்தனார் கவுண்டர் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, வேற ஆளு நம்பரப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதானே எழுதினீங்க? முப்பத்திரண்டு பேருக்கு ஒரே நம்பர எழுதும்போது எந்தக் கைக்கும் கூசலையே. இப்ப எங்க இருந்து வந்துச்சு இந்தச் சட்டம்? நான் இங்கேருந்து நகர மாட்டேன். தள்ளணும்னா தள்ளுங்க, உருண்டாவது போறேன்."

குரல் உயரவில்லை. ஆனால் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழவி, சரியாத்தானே கேக்குறாரு என்றாள். கவுண்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க," என்றாள் தையல்காரியிடம். அவள் ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அட்டையில் கொத்தனாரின் சொந்த எண் ஏறியது. புது அட்டை சூடாக வெளியே வந்தது.

கீழே இறங்கியதும் தையல்காரிக்கு அரை நாள் கூலியைக் கொடுக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை. மற்றவர்கள் கூப்பிட்டால் இனி எடுக்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தாள். அவள் தலை மறைந்ததும் அவர், மேஸ்திரி வீட்டு வாசல் போர்டில் பார்த்து வைத்திருந்த பேன்சி நம்பருக்குப் போட்டார்.

"சாந்துக்காரர் எதுல செத்தாருன்னு தெரியுமா?"

"நெஞ்சுச் சளி. எதுக்குடா இப்ப?"

"இல்ல. உன் பழைய நம்பர்ல செத்தாரு. செத்தவங்க போக இன்னும் இருபத்தியோரு பேரு இருக்காங்க. திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு நீ ஆபீஸ் வாசல்ல நிக்கிற. அந்த நம்பர் இப்ப உன்னுது இல்லைன்னு அத்தன பேருக்கும் நீதான் எழுதிக் குடுக்கிற. வரலைன்னா இருபத்தியோரு பேரும் உன் வீட்டு வாசலுக்கு வருவோம்."

முப்பது வருஷத்தில் அந்த ஆளை அவர் 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பதிலுக்கு நிற்காமல் வைத்தார்.

ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவுக்குப் போனபோது மணி நாலு பத்து. பாக்கி எழுபதாயிரத்து நூற்று ஐம்பதாகியிருந்தது. அந்தப் பெண் அட்டை எண்ணைத் தட்டிவிட்டு, இதில் ஒரு டிக் போடுங்கள், அப்போதுதான் பில் மூடும் என்று ஒரு தாளை நீட்டினாள். கொத்தனார் ஐம்பத்தெட்டாவது வயசில் எழுத்துக் கற்றவர். எதைக் கொடுத்தாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார். 'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா?' என்று இருந்தது. கட்டத்துக்குள் டிக் போடாமல், எழுத்துக் கூட்டி, பேனாவை அழுத்தி, 'இல்லை' என்று எழுதினார். தாளில் ஓட்டை விழுந்தது.

அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். ரசீது வந்தது. அதையும் அவர் முதல் வரியிலிருந்து படித்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவர் அவசரப்படவில்லை. கடைசி வரியில், கட்ட வேண்டிய தொகை என்பதற்கு நேராக, ஒரே ஒரு சைபர் இருந்தது.