வலது பாதி

வெண்டெலின் வீட்டு டிவியில் வலது பாதி இருண்டுபோய்ப் பத்து நாளாகிவிட்டது. இடது பாதி பளிச்சென்று வேலை செய்தது. தனியாக இருக்கும் மனிதருக்கு அது போதாதா என்றால், பனிப்பொழிவுச் செய்தி பார்க்கப் போதும்தான். ஆனால் வலது பாதி அன்னிகாவுடையது. அவள் இன்னும் ஒன்பது நாளில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வருகிறாள். வருவதாக அவள் எங்கும் சொல்லவில்லை. வெண்டெல்தான் அப்படி முடிவு கட்டி வைத்திருந்தார்.

அன்னிகா அவருடைய ஒரே மகள். அவளுக்கு எட்டு வயதாகும்போது அம்மாவும் அப்பாவும் பிரிந்தார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை அவள் அப்பாவிடம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு முறையும் இருவரும் மேசையில் உட்கார்ந்து சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததோடு சரி. பள்ளிப் பேருந்துக்கு இன்ஜின் பார்க்கிற மனுஷரிடம் எட்டு வயதுப் பெண் என்னத்தைப் பேசுவாள்? மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் ஒரு கேம் கன்சோலை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றோடு அந்தக் கவலை விட்டது.

சுரங்கத்துக்குள் இறங்கி வழி கண்டுபிடித்து வெளியே வருகிற ஆட்டம். திரையை நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி. சோபாவின் இந்த ஓரத்தில் அவர், அந்த ஓரத்தில் அவள், நடுவில் சோளப்பொரிக் கிண்ணம். தூலுத் நகரத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த வெண்டெலுக்கு அந்தச் சுரங்கத்தில் மட்டும் திக்குத்திசை தெரியாது. ஓரக்கண்ணால் அவள் பாதியைப் பார்த்து அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டு பின்னாலேயே போவார். "திருடா! என் பாதியப் பாக்காத!" என்று அவள் காலால் உதைப்பாள். பத்து வருஷம் அந்த உதையை வாங்கினார்.

போன மார்ச்சில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. கோர்ட் உத்தரவும் அதோடு காலாவதியாகிவிட்டது. இனி வருவதும் வராததும் அவள் இஷ்டம். ஆகஸ்டில் தெற்கே பாலைவன ஊரான டூசானுக்குப் படிக்கப் போய்விட்டாள். 'தேங்க்ஸ்கிவிங்குக்கு வர்றியாம்மா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அதனால் டிவி வாங்கக் கிளம்பினார். எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான். மனதில் இருப்பதைச் சொல்ல வாய் வராது, கடைக்குப் போய் எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கடையில் வெர்னா என்கிற அம்மாள் பிடித்துக்கொண்டார். அறுபது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கியது.

"எதுக்கு சார்? மேட்ச் பாக்கவா, சினிமாவா?"

"கேம் விளையாட."

"அப்படிச் சொல்லுங்க. அப்ப பட்டன அமுக்கின உடனே அங்க நடக்கணும். நொடிக்கு நூத்தி இருபது படம் ஓடணும். இதோ, இந்த ரெண்டும் அதுல கெட்டி. இப்ப எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். எத்தன பேர் உக்காந்து பாப்பீங்க?"

வெண்டெல் அந்த இரண்டு டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் கேக்குறேன்னா, இது நேரா உக்காந்து பாக்குறவருக்கு. கறுப்பு மையாட்டம் இருக்கும். ஓரமாப் போனா வெளுத்துடும். இந்தா இது, எந்த மூலைல உக்காந்தாலும் ஒரே மாதிரி தெரியும். வெல கூட. ஒத்த ஆளுக்கு அது தண்டம், என் வாயாலயே சொல்றேன்."

"ரெண்டு பேர்," என்றார் வெண்டெல். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "சோபால ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொருத்தர். ஆளுக்குப் பாதித் திரை. அதனால அறுபத்தஞ்சு இன்ச் வேணும்."

"ஹால் எவ்ளோ பெருசு?"

சொன்னார். வெர்னா சிரித்துவிட்டார். "அவ்ளோ கிட்ட இருந்தா கழுத்து சுளுக்கிக்கும் சார்!"

"பாதியத்தானே பாப்போம்."

"அந்த இன்னொருத்தர் யாரு?"

"எம் பொண்ணு."

"அப்ப என்னை ஏன் கேக்குறீங்க? புள்ளைங்ககிட்ட கேளுங்க. இந்த விஷயத்துல அதுங்க சொல்றதுதான் சட்டம்."

அது ஒரு நல்ல சாக்காகப் போயிற்று. வெண்டெல் வீடியோவில் அழைத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். கையில்லாத பனியனோடு வெயிலில் நின்றாள். இங்கே அவர் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி கடைத் தரையில் உருகிக்கொண்டிருந்தது.

"அப்பா! டிவியா? வாங்குறியா? நீயா? எங்க, பின்னால காட்டு. இல்லப்பா, உன் மூஞ்சி இல்ல, டிவிக்குப் பின்னால!"

காட்டினார்.

"கேபிள் சொருகுற ஓட்டை நாலும் வேகமானதான்னு கேளு. சில டிவில ரெண்டுதான் வேகம். நீ போய்க் கரெக்டா மத்ததுல சொருகுவ."

"நாலும் வேகம்தான் கண்ணு," என்று வெர்னா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"தாங்க்ஸ்! அவருக்கு கேம் மோடு எங்க இருக்குன்னு காட்டிடுங்க. அதப் போட்டாத்தான் அமுக்கின உடனே ஆள் குதிப்பான். பழைய டிவில மூணு வருஷம் அதப் போடாமலே விளையாண்டாரு. பட்டன அமுக்கிட்டு, குழில விழுந்துட்டு, கன்சோல் சரியில்லம்பாரு."

"சரியில்லதான்," என்றார் வெண்டெல். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. "சரி, எது எடுக்கட்டும்? ஓரத்துல இருந்தாலும் தெரியுமே, அதத்தான் அறுபத்தஞ்சுல..."

"அது எதுக்குப்பா? நேரா பாக்குறதே சூப்பரா இருக்கும். அம்பத்தஞ்சு எடு. சோபாவுக்கு நடுவுல உக்காந்துக்கோ. முழுத் திரையும் உனக்குத்தானே?"

வெண்டெலுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "முழுசுமா?" என்றார்.

அந்தப் பக்கம் அவள் வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்ந்தாள்.

"அப்பா... நானே சொல்லலாம்னு இருந்தேன். தேங்க்ஸ்கிவிங்குக்கு இங்கதான் இருக்கப் போறேன். ரோசியோ வீட்ல எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. கோவமா?"

"சேச்சே. இங்க என்ன வாழுது? பனியும் வான்கோழியும்தான்."

"நெட்ல விளையாடலாம்பா. ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு. நீ அங்க, நான் இங்க. ரெண்டு பேருக்கும் முழுத் திரை. செமையா இருக்கும்ல?"

"செமையா இருக்கும்," என்றார்.

போனை வைத்த பிறகு அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தொரு வயசு ஆள் டிவிக் கடையில் நின்று அழுவதாவது. சுற்றிலும் முப்பது திரையில் ஒரே ஆமை நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதுபோல் நின்றார். வெர்னா தூசியே இல்லாத ஒரு திரையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டிய நேரம் ஆனதும் திரும்பினார்.

"எது போடட்டும் சார்?"

"நேரா பாக்குறது. அம்பத்தஞ்சு."

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தயார். கேம் மோடை முதல் வேலையாகப் போட்டார். சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். அங்கே இத்தனை வருஷத்தில் யாருமே உட்கார்ந்ததில்லை, பஞ்சு கல்லாட்டம் இருந்தது. மூன்று மணிக்கு ஹெட்போனில் அவள் குரல் வந்தது, எதையோ மென்றுகொண்டே.

படம் அற்புதமாக இருந்தது. வெர்னா பொய் சொல்லவில்லை, சுரங்கத்தின் கறுப்பு மையேதான். அன்னிகாவின் ஆள் முன்னால் ஓடி மூன்றாவது திருப்பத்தில் மறைந்துவிட்டான். வெண்டெலின் கண் தானாக வலது பக்கம் போயிற்று. அங்கே அவருடைய சுவரேதான் நீண்டு கிடந்தது.

"அப்பா, எங்க இருக்க?"

"தெரியலம்மா. ஒரு சுவரு இருக்கு."

"எங்க பாத்தாலும் சுவருதான்பா! என் பின்னாலயே வான்னேன்ல?"

"உன் பாதி தெரிய மாட்டேங்குது."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மெல்லுவதும் நின்றது.

"நான் என்ன பாக்குறேன்னு சொல்லவா?" என்றாள்.

"சொல்லு."

"எடது பக்கம் தண்ணி ஓடுது. அது மேல பலக போட்டிருக்கு. தாண்டி வந்தா மூணு வழி. நான் நடு வழில நிக்கிறேன். மேல ஒரு ஓட்டை, அதுல வெளிச்சம் வருது, நீலமா. கீழ ஒரு வவ்வா செத்துக் கெடக்கு. புரியுதா?"

தண்ணீரும் பலகையும் அவருக்கு நேர் எதிரே தெரிந்தன. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம்.

"இல்லம்மா," என்றார் வெண்டெல், பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு. "இன்னும் கொஞ்சம் சொல்லு."